பத்தொன்பது இழை

சங்கரி கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி இன்றோடு பதினேழு நாள். ரத்தக் கொதிப்பு. பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போன வாரம் அவள் அழுத அழுகையில், பிள்ளையார்பாளையத்தில் அவள் படுத்திருக்கிற பிறந்த வீட்டு வாசலில், தறிக்காக நீட்டிக் கட்டியிருந்த ஒரு முழுப் பாவு நூல் நனைந்து, அது காய இரண்டு நாள் பிடித்தது. பாவுக்குச் சொந்தக்காரர் இதை இன்றுவரை மறுக்கவில்லை.

அழாமல் என்ன செய்வாள்? ஒரே தம்பி கதிர்வேலுக்குக் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் அக்காள் போட வேண்டியவை. அந்த இரண்டையும், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அப்பா நமச்சிவாயம் தன் தம்பி மகள் ஜெயப்ரியாவுக்குக் கொடுத்துவிட்டார்.

சங்கரிக்கும் ஜெயப்ரியாவுக்கும் நாலு வருஷமாகப் பேச்சில்லை. ஜெயப்ரியாவின் கல்யாணத்தில், மேடை மேலேயே, "உன் புடவையில ஒரு பக்கத்து பார்டர் வெளுத்திருக்குதுடி" என்று சங்கரி சொன்னதுதான் காரணம். காஞ்சிபுரத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் வம்சங்கள் பிரிந்திருக்கின்றன.

கதிர்வேல் ஒரே பேச்சில் முடித்தான். "அக்கா மூஞ்சி எனக்கு மேடையில தெரியணும். தெரியாம நான் தாலியைக் கையில எடுக்க மாட்டேன்."

இன்று அந்தக் கல்யாணம். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது.

காலை ஆறே காலுக்கு மாப்பிள்ளையின் அம்மா தையல்நாயகி, மாம்பழ மஞ்சள் பட்டில், மண்டபத்தின் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் சிவப்புக் கம்பளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். இருபது நிமிஷமாக நின்ற இடத்தை விட்டு அவள் நகரவில்லை. தூண்கூட லேசாக அசைந்ததாகப் பார்த்தவர்கள் உண்டு, தையல்நாயகி அசையவில்லை.

மண்டபத்தின் பின் மூலையில், ஆபீஸ் அறை வாசலில், லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள் ஷாரோன். ஏனாத்தூர்ப் பெண். கல்யாணங்களை நேரலையில் காட்டுவது அவள் தொழில். மண்டபம் முழுவதும் தெரிகிற மாதிரி வைத்திருந்த அவள் கேமரா, இங்கே நடப்பதைச் சங்கரிக்கும் காட்டியது. லேப்டாப்பிலிருந்து இரண்டு திரைக்கு வயர் போயிற்று. ஒன்று, சுவருக்குள் புதைத்திருந்த வயர் வழியாகச் சாப்பாட்டு ஹாலுக்கு. பந்தியில் இருப்பவர்கள் இட்லியையும் முகூர்த்தத்தையும் ஒரே சமயத்தில் விழுங்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்னொன்று, கம்பளத்துக்கு அடியில் ஓடி மேடைக்கு. அங்கே ஒரு டிவி. அதில் சங்கரியின் முகம் தெரிய வேண்டும்.

போனிலேயே காட்டலாமே என்று கேட்காதவர் இல்லை. அந்த மண்டபத்துக்குள் போன் சிக்னல் வராது. கட்டிய மேஸ்திரி சுவரில் எதைக் கலந்தாரோ, போன மாதம் ஒருத்தர் வாசலில் பேசிக்கொண்டே உள்ளே வர, அவர் பேச்சில் பாதி இன்னும் வாசலிலேயே நிற்கிறது. ஆபீஸ் அறையில் மட்டும் இன்டர்நெட் வயர் உண்டு. அதனால் லேப்டாப்பும் அந்த மூலையை விட்டு வராது.

"ஆன்ட்டி, கனெக்ட் பண்ணிட்டேன். பாத்துச் சொல்லுங்க!" என்று ஷாரோன் குரல் கொடுத்தாள்.

மேடை டிவியில் மேடையே தெரிந்தது. சாப்பாட்டு ஹாலிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது.

அங்கே பத்தடித் திரையில் சங்கரியின் அறை தெரிந்தது. சங்கரியின் கணவன் குமரகுரு, இடுப்பில் ஒரே ஒரு பச்சைத் துண்டோடு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நூற்று முப்பது பேர் மூங்கில் குடலையில் வெந்த காஞ்சிபுரம் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"மாப்ள, காலர்ல மடிப்பு இருக்குது பாருங்க!" என்று பந்தியிலிருந்து ஒருவர் யோசனை சொன்னார். அது குமரகுருவுக்குக் கேட்காதது அவன் செய்த புண்ணியம்.

"ஐயையோ, ஸ்க்ரீன் மாறிடுச்சு!" ஷாரோன் எதையோ அழுத்தினாள். இப்போது இரண்டு திரையிலும் குமரகுரு. இன்னொன்றை அழுத்தினாள். பச்சைத் துண்டு சாப்பாட்டு ஹாலை விட்டு மறைந்தது. பந்தியில் சிலருக்கு வருத்தம்.

"நடுவுல ரெண்டுலயும் ஒரே படம் வர்ற டூப்ளிகேட்டுக்குப் போயிடுச்சு ஆன்ட்டி. எக்ஸ்டெண்ட்ல போட்டு, ஒண்ணு ரெண்டு நம்பரை மாத்திட்டேன். இப்ப அது அதுக்கு அது அது."

மேடை டிவியில் சங்கரி தெரிந்தாள். தலைக்குப் பின்னால் இரண்டு தலையணை. கையை ஆட்டினாள். "அம்மா, அங்க எதுக்கு நின்னுக்கினு இருக்கற? மேடைக்குப் போம்மா."

"போறேன், போறேன்" என்றாள் தையல்நாயகி. போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தையல்நாயகியின் தொழில் பாவு பிணைப்பது. தறியில் ஒரு பாவு தீரும்போது, நீளவாட்டில் ஓடும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒன்றை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்து எண்ணூறு இழை. விரல் வழுக்காமலிருக்கக் கொஞ்சம் சாம்பல். ஒரு முறை சாம்பார் கொதிக்கிற நேரத்துக்குள் முழுப் பாவையும் பிணைத்துவிட்டாள். சாம்பார் அடிப்பிடித்தது என்று சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள்.

நேற்று சாயங்காலம் ஷாரோன் அளந்து பார்த்துவிட்டு, "கேபிள் பத்து மீட்டர்தான் ஆன்ட்டி. டிவியைத் தூண் பக்கம் வெச்சுக்கலாம், மேடை வரைக்கும் எட்டாது" என்று சொல்லிவிட்டு வேறு ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டாள். தையல்நாயகி வாசலுக்கு வந்து சங்கரிக்குப் போன் செய்தாள்.

"தூண் பக்கமா? அப்ப தம்பி என்னைப் பாக்கணும்னா முதுகைத் திருப்பிக்கினு உக்காரணுமா?" என்றாள் சங்கரி. அதற்கப்புறம் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

தையல்நாயகி உள்ளே வந்து ஷாரோன் விட்டுப்போன பையைப் பார்த்தாள். அதே மாதிரி இன்னொரு கேபிள் இருந்தது. ஒன்று எட்டவில்லை, பக்கத்திலேயே இன்னொன்று. பாவு பிணைக்கிறவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தாம்பூலத் தட்டில் பாக்குவெட்டி இருந்தது. ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வாலையும் நறுக்கினாள். மேல் தோலைப் பல்லால் உரித்தாள். உள்ளே பத்தொன்பது இழை. வெறும் பத்தொன்பது! அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சாம்பல் கிடைக்காததால் இடுப்பில் வைத்திருந்த திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்து விரலில் தடவிக்கொண்டு, சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை என்று முறுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் மேலே பட்டு நூலைச் சுற்றினாள். எல்லாம் முடிந்தபோது, பக்கத்தில் வைத்திருந்த காப்பியில் ஆடைகூடக் கட்டவில்லை.

டிவி மேடைக்கு ஏறியது. காலையில் வந்த ஷாரோன், மண்டபத்துக்காரர்கள் நீளமான கேபிள் கொடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

பிணைப்பு இப்போது மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், கம்பளத்துக்கு அடியில், தையல்நாயகியின் இடது காலுக்குக் கீழே இருந்தது. போகிற வருகிறவர்கள் மிதித்துவிடக் கூடாது அல்லவா? அதனால் அவளே மிதித்துக்கொண்டு நின்றாள்.

ஏழு மணிக்குச் சங்கரி தடுமாற ஆரம்பித்தாள். கையைத் தூக்கினால், கை நாலு தவணையில் மேலே வந்தது. சிரிப்பு உதட்டில் ஆரம்பித்து, கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணுக்குப் போயிற்று. சாப்பாட்டு ஹால் திரையில் நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பியபடியே நின்றார்.

"இன்னாமா இது?" என்று நமச்சிவாயம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஷாரோனிடம் வந்தார்.

"ரெண்டு ஸ்க்ரீனும் ஒரே வேகத்துல இல்ல அங்கிள். சாப்பாட்டு ஹால் ப்ரொஜெக்டர் நொடிக்கு அறுபது படம் கேக்குது. மேடை டிவி முப்பதுதான் வாங்குது. லேப்டாப் ரெண்டு பேருக்கும் ஈடு குடுக்க முடியாம திணறுது."

தையல்நாயகிக்கு இது உடனே புரிந்தது. "ரெண்டு ஆளு சேர்ந்து நெய்யற கோர்வைத் தறியில பார்டர் நாடா தள்ற ஆளு தூங்கி வழியறாப்பல."

"கரெக்டு ஆன்ட்டி" என்றாள், தறியைப் பக்கத்தில் போய்ப் பார்த்திராத ஷாரோன். செட்டிங்கைத் திறந்து இரண்டையும் அறுபதுக்குக் கொண்டுவந்தாள். நாதஸ்வரக்காரருக்குக் கன்னம் இறங்கியது. சங்கரியின் கை ஒரே மூச்சில் மேலே வந்தது.

அப்பாடா என்று எல்லோரும் திரும்புவதற்குள் மேடை டிவி கறுத்தது. மூன்று எண்ணுவதற்குள் திரும்ப வந்தது. பத்து எண்ணுவதற்குள் திரும்பக் கறுத்தது.

ஷாரோன் பதறவில்லை. அவள் வேலை செய்கிற விதமே தனி. வீடியோ காட்டுகிற பிரவுசரில் ஒரு டிக்கை எடுத்துவிட்டு மூடித் திறந்தாள். மாறவில்லை. லேப்டாப்பை ஒரு முறை அணைத்துப் போட்டாள். மாறவில்லை. பிறகு லேப்டாப்பின் இரண்டு துளைகளிலும் இருந்த வயர்களைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள். சாப்பாட்டு ஹால் திரை நன்றாக இருந்தது. மேடை டிவி கறுத்தது.

"ரெண்டு போர்ட்டும் நல்லா இருக்குது. அதனால லேப்டாப் மேல தப்பில்ல." மேடைக்குப் போய், டிவியில் ஒரு பென் டிரைவைச் செருகிப் படம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "டிவி மேலயும் தப்பில்ல. நடுவுலதான் ஏதோ இருக்குது."

நடுவில் தையல்நாயகி இருந்தாள்.

மணி ஏழே முக்கால். மணப்பெண் கீர்த்தியின் அம்மா மேடையிலிருந்து கூப்பிட்டாள். "சம்பந்தி, மேல வாங்க. அங்கயே நின்னுக்கினு இருந்தா எப்படி?"

"இங்க நல்லா காத்து வருது சம்பந்தி."

அங்கே காற்று வருவதற்கு வழியே கிடையாது. ஜன்னல் எதிர்ப்பக்கம். சம்பந்தியம்மாவின் முகம் சுண்டியது. மாப்பிள்ளையின் அம்மா மேடை ஏற மாட்டேன் என்கிறாள் என்ற செய்தி முன் வரிசையில் புறப்பட்டது. நாலாவது வரிசையில் அது, சீர்த்தட்டில் ஒன்று குறைகிறதாம் என்று ஆனது. சாப்பாட்டு ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, தட்டே வைக்கவில்லையாம், மாப்பிள்ளை எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டானாம் என்று வளர்ந்திருந்தது. அதே மாப்பிள்ளை எதிர்த் திரையில் மாலையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேர் இதை நம்பினார்கள்.

நமச்சிவாயம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். "இன்னா தையலு, மானம் போவுது. ஏன் இப்படி முறைச்சுக்கினு நிக்கற?"

"யாரு முறைச்சா? கால் மரத்துப்போச்சுங்க."

அவர் ஷாரோன் பக்கம் திரும்பினார். "எட்டே முக்கால் வரைக்கும் பாப்பேன்மா. அதுக்கு மேல டிவி வேணாம், ஒண்ணும் வேணாம். ஜெயப்ரியாவை மேடைக்கு அனுப்பி முடிச்சைப் போட வெச்சிடுவேன்."

இதைக் கேட்டுக்கொண்டு கதிர்வேல் மணையிலிருந்தே சொன்னான்: "முதல் முடிச்சு நான் போட்டாத்தானேப்பா ரெண்டாவது?"

அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குருக்கள் அக்கினியில் நெய்யைக் கொஞ்சம் தாராளமாக விட்டார்.

ஷாரோன் தையல்நாயகியிடம் வந்து ஸ்கூட்டர் சாவியை நீட்டினாள். "ஆன்ட்டி, கேபிள்லதான் கோளாறு. என்கிட்ட எக்ஸ்ட்ரா ஒண்ணு இருந்துச்சு, பையில காணோம். யாரையாவது என் வண்டியில கடைக்கு அனுப்புங்க."

"கடை பத்து மணிக்குத்தானே தொறப்பாங்க?"

ஷாரோனுக்கு அப்போதுதான் அது உறைத்தது. சாவியைத் தையல்நாயகி இடுப்பில் செருகிக்கொண்டாள். டிவியில் சங்கரி வந்தாள், போனாள். வந்தபோதெல்லாம் அவள் வாய் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியாக வந்தபோது கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தையல்நாயகி இடது காலை இன்னும் அழுத்தி வைத்தாள். மகள் முகம் தெரிய வேண்டும் என்றுதான் செய்தாள். மகள் முகத்தை மறைப்பது அவள் செய்ததுதான். இதை இத்தனை பேருக்கு நடுவில் எந்த வாயால் சொல்வது? நமச்சிவாயம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். அவர் ஆயுசும் கெட்டி.

ஷாரோன் லேப்டாப்பிலிருந்து கேபிளைக் கையால் தடவிக்கொண்டே கம்பளத்தைத் தூக்கித் தூக்கி வந்தாள். முதல் தூண். இரண்டாவது தூண். மூன்றாவது தூணில் ஒரு மாம்பழ மஞ்சள் பட்டு தடுத்தது.

"ஆன்ட்டி, கொஞ்சம் காலை எடுங்க."

தையல்நாயகி வலது காலை எடுத்தாள்.

"இன்னொரு கால்."

வலது காலை வைத்தாள். இடது கால் எழவில்லை.

"பாப்பா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?"

கம்பளம் விலகியது. ஷாரோன் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பத்தொன்பது சின்னச் சின்னக் கட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நெல் அளவு, ஒவ்வொன்றுக்கும் அதன் நிறத்துக்கேற்ற பட்டு. வரிசை பிசகவில்லை.

"இதை யாரு பண்ணாங்க?"

"நான்தான்."

"கையாலயா?"

"கொஞ்சம் பல்லாலயும்."

"எச்டிஎம்ஐ கேபிளை யாராவது கையால முறுக்குவாங்களா ஆன்ட்டி? எங்க காலேஜ் லேப்ல இதைச் சொன்னா வெளிய அனுப்பிடுவாங்க." அவள் குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தாள். "பட்டு சுத்தினதாலதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்குது. இது இவ்ளோ நேரம் ஓடினதே பெரிசு."

தையல்நாயகி உட்கார்ந்து, ஒரு கட்டைத் தொட்டுப் பார்த்தாள். தப்பு அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டு முறுக்கினால் முறுக்கினபடி நிற்கும். தறி இழுக்க இழுக்க இன்னும் இறுகும். இந்தச் செம்பு அப்படி இல்லை. கையை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இங்கே இழுத்துப் பிடிக்கத் தறியும் இல்லை.

"பெரியம்மா!" தலைக்கு மேல் ஜெயப்ரியாவின் குரல். அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தாள். கம்பளத்தையும் கேபிளையும் பெரியம்மாவின் முகத்தையும் பார்த்து எல்லாவற்றையும் ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெயப்ரியா கேலி செய்யவில்லை. புடவையை விசிறி மாதிரி விரித்துப் பிடித்து, மேடைப் பக்கத்துப் பார்வைகளை மறைத்துக்கொண்டு நின்றாள். "சீக்கிரம் பாருங்க. பெரியப்பா வராரு."

ஷாரோன் லேப்டாப்புக்கு ஓடினாள். "டிவிக்குப் போற படத்தோட சைஸைக் குறைக்கறேன். பழையபடி முப்பதுக்கே எறக்கறேன், ப்ரொஜெக்டரையும் கூடவே எறக்கிடறேன். பாரம் குறைஞ்சா உங்க கேபிள் தாங்கும்."

தாங்கியது. சங்கரி கொஞ்சம் மங்கலாக வந்தாள், ஆனால் நின்றாள். முப்பது எண்ணினார்கள். நாற்பது. நாற்பத்திரண்டில் கறுத்தது.

தையல்நாயகி சம்புடத்தைத் திறந்து விரலில் திருநீற்றைத் தடவினாள். கட்டுகளை ஒவ்வொன்றாக, பாவைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டு வந்தாள். பதினொன்றாவது கட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். டிவி வந்தது. விட்டாள். போயிற்று. பிடித்தாள். வந்தது.

"இதுதான்" என்றாள்.

ஷாரோன் டேப் சுற்றினாள். டேப் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதற்குள் நமச்சிவாயம் வந்து, முழுக் கதையையும் கேட்டு, வாயைத் திறந்து, மணியைப் பார்த்து, வாயை மூடினார். எட்டு முப்பத்தைந்து. கதையைப் பிற்பாடு வைத்துக்கொள்வது என்று அவர் முடிவு செய்தது முகத்திலேயே தெரிந்தது.

"நவுரு, நான் பிடிக்கறேன். நீ மேடைக்குப் போ" என்று உட்கார்ந்தார். பிடித்தார். மேடை டிவியில் சங்கரி பச்சையானாள். அழுத்திப் பிடித்தார். ஊதா ஆனாள். சங்கரியின் கன்னத்தில் வரி வரியாக ஜரிகை ஓடியது.

"விடுங்கப்பா, விடுங்க! அக்காவை இன்னா பண்றீங்க?" என்று மணையிலிருந்து கதிர்வேல் கத்தினான்.

ஷாரோனால் பிடிக்க முடியாது. லேப்டாப்பை விட்டு வர முடியாது. ஜெயப்ரியா மேடைக்குப் போக வேண்டியவள். மிச்சம் இருந்தது ஒரு ஜோடி விரல்தான்.

தையல்நாயகி மேடையைப் பார்த்தாள். மணைக்குப் பின்னால், மாப்பிள்ளையின் அம்மா நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் நிற்பதற்காகவே அவளே பிணைத்த பாவில் நெய்தது இந்த மஞ்சள் பட்டு. இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து வாங்கிய இடம் அது.

"என் இடத்துல யாரும் நிக்க வேணாம். காலியாவே இருக்கட்டும்" என்றாள். சம்மணம் போட்டு, தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பதினொன்றாவது இழையைப் பிடித்தாள்.

சங்கரி வந்தாள். நல்ல நிறத்தில், நல்ல வேகத்தில், வெளிச்சமாக.

"ஆச்சா? எல்லாம் ஆச்சா?" என்றாள் சங்கரி டிவியிலிருந்து. "ஜெயா எங்க?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. நாலு வருஷத்துக்கு அப்புறம் வந்த முதல் வார்த்தை. ஜெயப்ரியா டிவிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இங்கதான்க்கா இருக்கறேன்."

"ரெண்டாவது முடிச்சு என் பேரைச் சொல்லிப் போடு. மூணாவது உன் பேர்ல போடு. ரெண்டும் இறுக்கமா இருக்கணும்." சங்கரி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "புடவை நல்லா இருக்குதுடி. ரெண்டு பக்கமும் ஒரே அரக்கு."

ஜெயப்ரியா சிரித்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கெட்டி மேளம் முழங்கியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். தரையில் உட்கார்ந்திருந்த தையல்நாயகிக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். பட்டு வேட்டிக் கால்கள், கொலுசுக் கால்கள், தலைக்கு மேல் பறக்கிற மஞ்சள் அரிசி. மகன் தாலி கட்டுவதை அவள் பார்க்கவில்லை, கேட்டாள். மேளத்துக்கு நடுவில் சங்கரியின் குரல் டிவியிலிருந்து எண்ணியது: "தம்பி போட்டாச்சு... ஜெயா, இப்ப என்னுது... இன்னும் இறுக்கு... ம்ம், இப்ப உன்னுது."

அவள் விரல் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை. நாலாயிரத்து எண்ணூறு இழையில் எதற்கும் அவள் இவ்வளவு கவனம் கொடுத்ததில்லை.

அட்சதை போட்டு முடித்தவர்கள் உட்கார ஆரம்பித்தார்கள். கால்கள் விலகி ஒரு சந்து கிடைத்தது. அதன் வழியாகத் தையல்நாயகி மேடை டிவியைப் பார்த்தாள்.

சங்கரி சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். தம்பிக்குக் கையைத் தூக்கினாள்.

அப்படியே நின்றாள்.

வாய் பாதி திறந்தபடி. கண் விரிந்தபடி. ஒரு கை பாதி வழியில். இன்னொரு கை கட்டில் சட்டத்தில்.

"அடடா, நின்னுபோச்சு!" என்றார் முன் வரிசையில் ஒருவர். "நல்லவேளை, முடிச்சு போட்டதுக்கு அப்பறம் நின்னுச்சு."

"தையலு, கையை எடுத்துட்டியா?" என்று நமச்சிவாயம் கேட்டார்.

"ஹேங் ஆயிடுச்சு அங்கிள். ஒரு நிமிஷம், கட் பண்ணித் திரும்பக் கூப்பிடறேன்" என்று ஷாரோன் குனிந்தாள். கதிர்வேலும் கீர்த்தியும் நின்றுபோன படத்துக்குச் சேர்ந்து ஒரு கும்பிடு போட்டார்கள்.

தையல்நாயகி தன் விரலைப் பார்த்தாள். பதினொன்றாவது இழை அதன் இடத்தில்தான் இருந்தது. டிவியைத் திரும்பப் பார்த்தாள். சங்கரி அசையவில்லை. அவள் தலைக்குப் பின்னால் டேபிள் ஃபேன் இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கதவின் மேல் காயப் போட்டிருந்த பச்சைத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

படம் நிற்கவில்லை.

ரெண்டு பிள்ளை பெற்றவள் அவள். ஒரு பொம்பளை கையைத் தூக்கியபடி பாதியில் எதற்கு நிற்பாள் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்று வாரம் பாக்கி என்று டாக்டரம்மாதான் சொன்னார். பிள்ளை சொல்லவில்லை.

அவள் விரலை எடுத்தாள். டிவி கறுத்தது.

"ஆன்ட்டி, கேபிள்! கேபிளை விட்டுட்டீங்க!" என்று ஷாரோன் நிமிர்ந்தாள். மூன்றாவது தூணடியில் திருநீற்றுச் சம்புடம் மட்டும் திறந்து கிடந்தது. அங்கிருந்து வாசல் வரைக்கும் கம்பளத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகக் காலடித் தடம்.

வெளியே ஷாரோனின் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

மேடையில் நமச்சிவாயமும் கதிர்வேலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்நாயகிக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது.